வரிக்குதிரைக்கு அரசு முத்திரை

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த மாபெரும் காரியம், எங்கள் மாநிலத்தில் அதிர்ஷ்ட ஒழுங்குமுறை வாரியத்தை அமைத்ததுதான். நான் அதன் துணைச் செயலாளர் என்பதற்காகச் சொல்லவில்லை. செயலாளராக இருந்தால் இன்னும் சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

பிரேசிலின் இந்த வெயில் மூலையில் மிருக லாட்டரி பாட்டன் காலத்திலிருந்து சட்டவிரோதமாக, மிக ஒழுங்காக நடந்துவந்தது. தீக்கோழி முதல் பசு வரை இருபத்தைந்து மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள், ஆக நூறு. கனவில் எந்த மிருகம் வருகிறதோ, விடிந்ததும் அதன்மேல் தெருமுனையில் பணம் கட்டுவார்கள். ஜெயித்தால் சாயங்காலமே காசு கைக்கு வந்துவிடும். இப்படியும் ஓர் அராஜகம் உண்டா?

இதை ஒழிக்க வாரியம் ஆறு நாடுகளில் "ஆய்வு" செய்தது. ஒரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாட்டாகவே பாடுகிறார்கள். இன்னொன்றில் லாபத்தில் மருத்துவமனை கட்டுகிறார்கள். அங்கே சாப்பாடு சரியில்லாததால் அந்த முறையை நிராகரித்தோம்.

திரும்பியதும் அரசே மிருக லாட்டரியைத் தொடங்கியது. நவீனமாக இருக்கட்டுமே என்று இருபத்தாறாவதாக வரிக்குதிரையைச் சேர்த்தோம். ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியான பிறகுதான் வாரியக் கூட்டத்தில் கணக்கர் தெலெஸ்ஃபொரோ வாயைத் திறந்தார்.

"சார், நூறு எண்ணும் இருபத்தஞ்சுக்கே சரியாப் போச்சு. வரிக்குதிரைக்கு எண்ணே கிடையாது. அது விழவே விழாது."

தலைவர் டாக்டர் அகினால்டோ கண்ணை மூடி யோசித்தார்.

"அதுமேல பணம் கட்டலாமில்ல?"

"தாராளமா கட்டலாம் சார்."

"பரிசு குடுக்க வேண்டி வருமா?"

"வாய்ப்பே இல்ல சார்."

"அப்புறம் என்னய்யா குறை? ஆறு நாட்டுலயும் இப்படி ஒரு மிருகத்தைப் பாத்தோமா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முதல் குலுக்கல் நாளன்று நான் மாறுவேடத்தில், அதாவது டை இல்லாமல், சோதனைக்குப் போனேன். தெருமுனையில் சட்டவிரோதச் சீட்டு எழுதும் பெல்மீரோ உட்கார்ந்திருந்தான். மரவள்ளி மாவில் அடை சுட்டு விற்கும் ஜுரேமா அவன் முன்னால் நின்றாள். அவளுடைய கேஸ் அடுப்பு முந்தின வாரம் வெடித்துவிட்டது. புதிது வாங்கச் சேர்த்த பணம் மொத்தமும் கையில் இருந்தது.

"அண்ணே, செத்துப்போன எம்புருஷன் கனவுல வரிக்குதிரை மேல ஏறி வந்தான். எல்லாத்தையும் அதுமேல போடு."

"உசுரோட இருந்தப்பவும் அவன் தப்பான வண்டியிலதானே ஏறுவான்! வரிக்குதிரை எங்கிட்ட இல்லம்மா."

"சுவரு பூரா ஒட்டிருக்கே?"

"சுவத்துல நிக்கும், குலுக்கல்ல விழாது. பேசாம போயி அடுப்பை வாங்கு. பொழப்பைப் பாரு."

என் ரத்தம் கொதித்தது. ஒரு குடிமகளை அரசிடமிருந்து பிரிக்கும் சதி, பட்டப்பகலில்! விசில் ஊதி அவனைப் போலீஸில் ஒப்படைத்தேன். பிறகு ஜுரேமாவை நானே கைத்தாங்கலாக எங்கள் கவுன்டருக்கு அழைத்துப்போய், வரிசையில் நிற்காமலே கட்ட வைத்தேன்.

அன்று யானை விழுந்தது. ஜுரேமா கவுன்டர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் முயற்சி செய்யும்படி துண்டுப்பிரசுரம் கொடுத்தேன்.

பெல்மீரோவின் வழக்கில் அவள்தான் சாட்சி.

"இந்த ஆளு உங்கிட்ட எவ்வளவு பிடுங்கினான்?" என்றார் நீதிபதி.

"ஒத்தக் காசு வாங்கலீங்க ஐயா. கட்டாதேன்னுதான் சொன்னாரு."

"அப்ப காசு எங்கம்மா போச்சு?"

ஜுரேமா என்னைப் பார்த்தாள். கோர்ட்டே என்னைப் பார்த்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தேன்.

"எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க ஐயா. முத்திரை போட்டு ரசீது குடுத்திருக்கோம்."

"ரசீது இருக்கா? அப்ப சரி," என்று நீதிபதி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

உரிமம் இல்லாமல் ஒரு பெண்ணின் பணத்தைக் காப்பாற்ற முயன்ற குற்றத்துக்காகப் பெல்மீரோவுக்கு ஆறு மாதம். உரிமத்தோடு அதை விழுங்கிய எங்களுக்கு, நீதிமன்றத்தின் பாராட்டு.