சோடி மாஸ்டரின் வலப்பக்கம்

கொழும்பு முழுவதிலும் ஹிக்ஸ் துகளோடு நேரடிப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சோடி மாஸ்டர்தான். அந்தத் துகள் கிடைத்துவிட்டதாக 2012 யூலை 4ஆம் திகதி அறிவித்தபோது வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியே கைதட்டியது. பௌதிகவியல் ரியூசன் நடத்திய அவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"துகள் இருக்குது, சரி. எங்கயிருந்து வந்ததெண்டு ஆராவது கேட்டியளே? அது தனிக்கட்டை இல்லை ஐசே. அதைவிடச் சின்னதுகள் சோடி சேர்ந்துதான் அது!"

அன்றிலிருந்து அவர் சோடி மாஸ்டர். கலியாணம் கட்டாதவர் என்பது வேறு விஷயம்.

எல்லாப் பக்கமும் சமமாக இருந்த உலகத்தை ஒரு பக்கம் சாய்த்து, துகள்களுக்கு நிறை கொடுத்தது வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒன்றல்ல, உள்ளே இருந்தவையே தங்களுக்குள் சேர்ந்து சாய்த்தன என்பது அவர் கட்சி. இன்றுவரை நிரூபணமாகவில்லை. மீன்காரருக்கும் சிங்களத்தில் விளக்குவார். நிறை எங்கிருந்து வருகிறது என்பது, தராசில் பெருவிரலை வைத்திருந்த அந்த மனிதருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒருமுறை லிப்ட் பழுதானது. இருபுறமும் கைபிடிக் கம்பியுள்ள ஒடுங்கிய படிக்கட்டில் ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொண்டோம். தொடர்மாடிச் சங்கத் தலைவர் "இடது பக்கமாகச் செல்லவும்" என்று பலகை மாட்டினார். மாஸ்டர் கழற்றினார்.

"உமக்கென்ன விசரே, மாஸ்டர்?"

"போர்ட் தேவையில்லை. ரெண்டு பேர் ஒத்துப்போனால் காணும். மிச்ச ஆக்கள் தன்பாட்டில சேருவினம்."

"ஒரு மாசம் பாப்பம். பிறகும் சனம் முட்டுப்பட்டால் என்ர அறையை விட்டு வெளிக்கிடும்!"

மாஸ்டர் வாடகைக்கு இருந்தது தலைவரின் பின்னறையில். எழுபது கடந்த தனியாளுக்கு வெள்ளவத்தையில் வேறு யார் அறை கொடுப்பார்?

மாதம் முடியுமுன் முட்டுப்படுவது நின்றது. வாகனமெல்லாம் இடப்பக்கம் ஓடும் நாட்டில், எங்கள் படிகளில் மட்டும் எல்லோரும் வலப்பக்கம் நடந்தோம்.

"பாத்தீரே! ஆரும் சொல்லேல்லை, தானா நடந்தது!" என்று மாஸ்டர் கூத்தாடினார்.

பாரிசவாதம் வந்து அவருடைய இடது கை பலமிழந்திருந்தது. ஏறினாலும் இறங்கினாலும் வலது கையால்தான் கம்பியைப் பிடிப்பார். எதிரே வந்தவர்கள் தங்கள் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்படி முதலில் ஒதுங்கியவர் தலைவர். நான் கண்ணால் கண்டேன்.

"மாஸ்டரிட்டச் சொல்லிப்போடாதையும்," என்றார் அவர்.

சொல்லவில்லை. மாஸ்டர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. லிப்ட் நிற்கும் நாட்களில் இன்றும் வலப்பக்கமாகவே ஏறுகிறோம், எதிரே யாரும் வராதபோதும்.