காட்டி தேடிப் போய் நான் மவுத்தான காலை

சாவு என்கிற மவுத்தை நினைத்து வாழ்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு நல்லெண்ணம் இருந்தது. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போன இடத்தில், எங்கள் வீட்டுக் கழிவறையில் வைத்து அது காணாமல் போய்விட்டது.

மகள் ஸஹ்ராவின் பாடசாலையில் விஞ்ஞானக் கழகம் தொடங்கினார்கள். பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து தலையாட்டிய என்னை (எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது) டீச்சர் பிடித்துக்கொண்டார். புளிப்புத் தண்ணீர் எது, சவர்க்காரத் தண்ணீர் எது என்று நிறம் மாறிச் சொல்கிற பொருளுக்குக் 'காட்டி' என்று பெயராம். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தாலும் ஆபத்தில்லாத காட்டி ஒன்றை வீட்டுச் சாமானில் நான் பார்த்துக் கொடுக்கவேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தோற்றவன் நான்.

மேசையில் ஒரு காட்டிப் போத்தல் இருந்தது. அது சவர்க்காரத் தண்ணீரில் ரோஸ் நிறமாகும், வயிற்றுக்குள் போனால் கூடாது, அதனால்தான் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார் டீச்சர். அவர் சொல்லி முடிக்கும்போதே நான் மூடியைத் திறந்து மணந்துவிட்டேன். விரலில் ஒரு சொட்டுப் பட்டது. இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, அதே கையால் தேநீரோடு தந்த பெட்டிஸைச் சாப்பிட்டேன்.

வீட்டில் யோசித்தேன். மஞ்சள் என்றால் வெள்ளைச் சீருடை நாசமாகும், தாய்மார் என்னை விடமாட்டார்கள். சிவப்பு முட்டைக்கோவா சந்தையில் இல்லை. பீட்ரூட் சாறு தேசிக்காய்ப்புளியில் சிவப்பாகவே நின்றது, சுண்ணாம்புத் தண்ணீரில் மஞ்சளானது. பிள்ளைகள் நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதமல்லவா? எதுவும் கலக்காத சாற்றை பிஸ்மி சொல்லி மூன்று கிளாஸ் நானே முதலில் குடித்துப் பார்த்தேன்.

மறுநாள் சுபஹு நேரம் சிறுநீர் ரோஸ் நிறத்தில் போனது.

பீட்ரூட் நினைவுக்கே வரவில்லை. போத்தலிலிருந்து விரலில் பட்ட அந்தச் சொட்டுத்தான் வந்தது. காட்டி உடம்புக்குள் போய் வேலையைக் காட்டிவிட்டது! தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பப் பயமாக இருந்தது. அல்லாஹ்வின் கடமையில் விட்ட குறையை அவன் மன்னிப்பான். மனிதருக்குச் சேரவேண்டிய ஹக்கில் விட்ட குறையை மனிதர்தானே மன்னிக்கவேண்டும்? மனைவி ஜெஸீமாவைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

"புள்ள, எனக்கு மாப்புத் தா. ஒவ்வொரு பெருநாளும் நீ இனிப்பா அவிக்கிற வட்டிலாப்பத்த நான் திண்டதில்ல. ஜன்னலால கோழிக்குப் போட்டிருக்கன்."

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோழி திண்டதா?"

சாகப்போகிறவன் பொய் சொல்லலாமா? "சில பெருநாளைக்கி அதுவும் விட்டுட்டுப் போயிரும்," என்றேன்.

அடுத்து அவளுடைய நானாவுக்கு, என் மச்சானுக்கு, கோல் எடுத்து, அவர் சொன்ன மீன்பிடிக் கதைகளில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை என்று சொல்லி மாப்புக் கேட்டேன். மச்சான் ஆட்டோவோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரைக்கும் ரோட்டையே பார்த்து ஓட்டினார். சாகிற நேரம் சொல்கிற கலிமாவை நான் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே போனேன்.

டொக்டர் சின்ன வயதுப் பெண். காட்டியின் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நேத்து பீட்ரூட் சாப்பிட்டீங்களா?"

"மூணு கிளாஸ் குடிச்சன்."

பேனையைக் கீழே வைத்தார். சிலருக்கு அப்படித்தான் போகும், ஒரு நாளில் சரியாகும், போத்தல் சொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். மனைவியும் மச்சானும் நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள், ஆனால் மெதுவாக.

பீட்ரூட்டைக் கழகம் ஏற்றுக்கொண்டது. எனக்கு இருமல் வந்தால் போதும், "வாப்பா, உம்மாட்ட வேற ஏதும் சொல்லக் கிடக்கா?" என்று ஸஹ்ரா கேட்பாள். மச்சான் இப்போது ஒவ்வொரு மீனையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறார்.

பெருநாளைக்கு ஜெஸீமா ஜன்னலைச் சாத்திவிட்டு, வட்டிலாப்பக் கிண்ணத்தோடு எனக்கு நேரே வந்து இருப்பாள். ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"மாப்புத் தந்திட்டியா புள்ள?"

"முதல்ல கிண்ணத்த முடிங்க."