கிளவுடில் ஒரு கங்காணி

அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டபோது கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் காசிம் பாய், அரிசி மூட்டைமேல் என் அப்பா, மடிக்கணினியோடு நான். இல்லாதவர்: இணையம். (போர்ட் பிளேரில் மழை இறங்கினால் முதலில் விடுப்பு எடுப்பவர் அவர்தான்.)

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வீட்டில் நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நம்பினேன். எங்கள் ஊரான சௌல்தாரியிலிருந்து பாய் கடைக்குக் காய்கறி போடும் அப்பாதான், "பையன் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவான் பாய், நான் பொறுப்பு" என்று சொல்லி இந்த முதல் வேலையை வாங்கித் தந்திருந்தார். சொதப்பினால் என் வேலையோடு அப்பாவின் வார்த்தையும் போகும் (கூடவே காய்கறி வாடிக்கையும்).

கடையில் சரக்கு குறைந்தால் தானாகச் சென்னைக்கு ஆர்டர் போக வேண்டும், கப்பலில் இடம் பதிய வேண்டும், பாய்க்குச் செய்தி வர வேண்டும். இவற்றை வரிசையாக நடத்திவைக்கக் கிளவுடில் சேவைகள் உண்டு. சர்வர் வாங்க வேண்டாம், பராமரிக்க வேண்டாம். ஓடிய வேலைக்கு மட்டும் காசு.

"தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற கங்காணி மாதிரிப்பா. இவன் கிளவுடுல இருப்பான்."

"அவன் தொல்லை தாங்காமத்தான் எங்கப்பா சிலோன்லருந்து கப்பலேறுனாரு. நீ திரும்பக் கூட்டியாரியா?" என்றார் அப்பா.

இரண்டு கங்காணிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாமவர் ஒவ்வொரு படியையும் நினைவில் வைப்பார். ஒரு வேலையை ஒரே முறைதான் செய்வார். படிக்கு இவ்வளவு என்று வாங்குவார். இரண்டாமவர் வேகம், மலிவு. 'குறைந்தது ஒரு முறை' செய்வதாக உறுதி தருவார்.

மெயின்லேண்டில் பிறந்தவன் அங்கேயே சுதாரித்திருப்பான். நான் தீவுக்காரன். கப்பல் டிக்கெட், குழாய்த் தண்ணீர், போன் சிக்னல் எதுவும் ஒரு முறைகூட ஒழுங்காக வராத ஊரில் 'குறைந்தது ஒரு முறை' என்பது வரமாகவே கேட்டது. 'ஒரே முறை' கஞ்சத்தனமாகப் பட்டது.

"அரே தம்பி, நெட் போச்சுன்னா க்யா ஹோகா?" என்றார் பாய்.

"பதில் வர்ற வரைக்கும் கடை கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டே இருக்கும் பாய். விடாது."

"பஸ், போதும், அதையே போடு."

இரண்டாமவர் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வாரம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி தீர்ந்தது. ஐம்பதுக்கு ஆர்டர் கிளம்பியது. மழை. ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. 'கிடைத்தது' என்ற பதில்தான் கடைக்குத் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் மறுபடி கேட்டது. முதலாம் கங்காணி என்றால், "இதைத்தான் ஏற்கெனவே சொல்லிட்டியே, போ" என்றிருப்பார். நம்மவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆர்டர் போட்டார்.

சென்னை மொத்த வியாபாரி பதறி என்னையே அழைத்தார். "தம்பி, நாற்காலி ஆர்டர் வந்துகிட்டே இருக்கு. நெசமாவே இத்தனையா?"

"எங்க சிஸ்டம் தப்புப் பண்ணாது சார். வந்தது எத்தனையோ அத்தனையும் ஏத்துங்க." (எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கே சந்தேகம் என்று நினைத்துவிடுவாரே!)

கப்பல் வந்த அன்று கடைவாசலில் நானூற்றைம்பது நாற்காலிகள் இறங்கின. திருப்பி அனுப்பலாமென்றால் கப்பல் கூலி நாற்காலி விலையைத் தாண்டியது. பாய் நாற்காலிகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பைட்டோ தம்பி, உக்காரு. எதுல வேணாலும் உக்காரு."

"பையன் சரி பண்ணிருவான் பாய்," என்ற அப்பா, என் பக்கம் குனிந்து, "பண்ணிருவேல்ல?" என்றார்.

பண்ணினேன். அன்றைக்கே முதலாம் கங்காணிக்கு மாற்றினேன். இன்றுவரை ஓர் ஆர்டர்கூட இரட்டித்ததில்லை. பாயின் மற்ற இரண்டு கடைகளும் இப்போது என்னிடம்தான். அப்பாவின் காய்கறியும் தவறாமல் போகிறது. வீட்டில்தான் விட மாட்டேனென்கிறார்கள். ஒரு தோசை கேட்டால் அம்மா, "கொறைஞ்சது ஒண்ணுதானே? இந்தா" என்று மூன்று வைக்கிறார்.

என் முதல் சம்பளத்தைப் பாய் சரக்காகத்தான் தந்தார். ஆக மொத்தச் செலவு: நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது சிவப்பு நாற்காலிகள்.