அங்கின் அண்ணேயும் இரண்டாம் பாலமும்

பினாங்கில் கோபக்காரர்களுக்குப் போட்டி வைத்தால், எங்கள் அங்கின் அண்ணே நடுவரைத் திட்டிவிட்டு வெளியேறிவிடுவார். முதல் பரிசை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலாயில் அங்கின் என்றால் காற்று. நம்மவர் வாயில் அது திடீரென்று தலைக்கேறும் ஆத்திரம். கோபத்துக்குக் காரணம் வேண்டும், ஆள் வேண்டும். அங்கினுக்கு இரண்டும் தேவையில்லை. "ஏறிடுச்சு" என்பார்கள், கொஞ்ச நேரத்தில் "இறங்கிடுச்சு" என்பார்கள். நடுவில் நாம் தள்ளி நின்றால் போதும்.

அண்ணே சுங்கை பினாங்கிலிருந்து பத்து காவான் தொழிற்சாலைக்கு எங்களை வேனில் ஏற்றிப் போவார். பதினோரு பெண்கள். எங்கள் காதில் கெட்ட வார்த்தை விழக்கூடாது என்பது அவர் கொள்கை. எவனாவது மோட்டாரில் குறுக்கே பாய்ந்தால் வேனை ஓரங்கட்டி, இறங்கி, கதவைப் பத்திரமாகச் சாத்திவிட்டு விளக்குக் கம்பத்தைத் திட்டுவார். கம்பத்தின் பாட்டன் பூட்டன் வரை போகும். பிறகு ஏறி உட்கார்ந்து, "பசியாறிட்டீங்களாம்மா?" என்பார்.

சிக்கல், தீவிலிருந்து கடல்மேல் அக்கரைக்குப் போகும் இரண்டாம் பாலத்தில்தான். அங்கே வண்டியை நிறுத்தக்கூடாது. பாலம் தொடங்கும்போதே ஒரு லோரி உரசப் பார்த்தால், கடலைத் தாண்டும்வரை அடக்கியாக வேண்டும். அண்ணே முகம் மிளகாய்ப்பழமாகிவிடும். எங்களில் மூத்தவரான மேரி அக்கா ஜெபமாலையை எடுத்துவிடுவார். "இன்னும் கொஞ்சந்தான்லா அண்ணே, தாங்குங்க!" என்று பிரசவ அறை போல எல்லோரும் கத்துவோம்.

நான் வேலைக்குப் புதிது. ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது என்றால் சீட்டுக் கிழியும். அன்று பார்த்து, அக்கரையில் இறங்கியவருக்கு அங்கின் இறங்கவே இல்லை. மரம், வேலி, பெயர்ப்பலகை என ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

மேரி அக்கா கதவைத் திறந்து, "அண்ணே! இன்னிக்கு லேட்டானா இந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்!" என்று அலறினார்.

அண்ணே வாயை மூடிக்கொண்டு பறந்தார். ஆனாலும் கால் மணி நேரத் தாமதம். வாசலில் சூப்பர்வைசர் நின்றார். அண்ணே எனக்கு முன்னால் போய், "தங்கச்சி மேல தப்பில்ல சார், நான்தான் லேட்டாக்கிட்டேன்" என்றார்.

"ஓட்டத் தெரியலன்னா வீட்ல கிட. உனக்கெல்லாம் எதுக்குய்யா வேன்?"

நாங்கள் பதினோரு பேரும் பத்தடி தள்ளி நின்றோம். மேரி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார். பிள்ளைய வேலையில வச்சுக்கங்க" என்று அண்ணே தலைகுனிந்து நின்றார்.

சூப்பர்வைசர் என்னை உள்ளே விட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா அழுவுற? போயி கார்டு பஞ்ச் பண்ணு!" என்று அண்ணே விரட்டினார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர். எனக்காக யாரிடமும் அவர்கள் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.