ஆடுவது தரைதான் என்பதற்கான வீடியோ ஆதாரம்

அன்பு மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சுகமில்லாதது எங்கள் வீட்டுத் தரை மட்டுமே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்களும் என் மகளும் குழந்தையும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் வந்திருந்தபோது சமையலறையில் நீங்கள் என் மகளிடம், "மாமாவுக்குக் கை நடுங்குது, கவனிச்சியா? கடிகார வேலையை நிறுத்திட்டு நம்மகூட வந்து இருக்கச் சொல்லு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு வருடமாகக் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்கிறவனுக்கு அடுத்த அறைப் பேச்சு கேட்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பார்த்த நடுக்கம் என்னுடையதல்ல. கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிக்காரர் வெட்டு இயந்திரம் போட்ட நாளிலிருந்து எங்கள் மாடித் தரை ஆடுகிறது. தரை ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் அதில் ஊன்றிய முழங்கை ஆடும், முழங்கை ஆடினால் இடுக்கி முனையில் இருக்கும் திருகு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "ஆடுதுன்னு நீங்க ஒருத்தர்தானே சொல்றீங்க, காட்டுங்க பார்ப்போம்" என்றார். காட்டிவிட்டால் இயந்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நீங்கள் சைக்கிள் ஓட்டும்போது தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுக் கேமரா இங்கேயே தங்கிவிட்டது அப்போது நினைவுக்கு வந்தது.

முதல் படத்தைத் திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அரை மணியில் ஒரு கொத்தனாரோடு வந்து நின்றார். "தரையை விடுங்க பெரியவரே. சுவர் ஏன் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது? கதவு நிலை வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. என் வீட்டை என்ன பண்ணீங்க?" என்றார். கொத்தனார் மூன்று சுவர்களுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "சுவர் ஒழுங்காத்தான் இருக்கு. அந்தக் கேமராப் பெட்டிக்குள்ள இருக்கிறதுதான் வளைஞ்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். படத்தின் ஓரத்தில் நின்றிருந்த உங்கள் அத்தை தன்னைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு அகலமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் கேமராவின் எதிரே வருவதில்லை.

எதிர்த்தெருவில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் அம்மாவிடம் போனேன். "இதோட லென்ஸ் ரொம்ப அகலமாப் பார்க்கும் ஐயா. முன்னாடி இருக்கிறதை எல்லாம் ஒரே சட்டத்துல அமுக்கிப் போடும். அதனால ஓரத்துல இருக்கிற நேர்க்கோடெல்லாம் வளையும், நடுவுல இருக்கிறது தப்பிச்சுக்கும்" என்று விளக்கி, பார்வையைக் குறுக்கிக் கோடுகளை நிமிர்த்தும் அமைப்பைப் போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தேன். சுவர் நிமிர்ந்துவிட்டது. தரையும் நின்றுவிட்டது. கீழே இயந்திரம் தடதடவென்று இடிக்கும் சத்தம் கேட்கிறது, படமோ குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அமைதியான வீட்டை நான் பார்த்ததே இல்லை. அடுத்து குடிவர்றவங்களுக்குக் காட்ட வெச்சுக்கறேன்" என்றார். அட்டைப்பெட்டிக்காரரும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார்.

மறுபடி எதிர்த்தெரு. அந்த அம்மா சிரித்தார். "ஓடுறவங்க, குதிக்கிறவங்க வெச்சுக்கிற கேமரா இது. கேமரா எந்தப் பக்கம் ஆடுதோ, படத்தை அதுக்கு எதிர்ப்பக்கமா நகர்த்தி, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு, ஆடாத மாதிரி காட்டும்."

"அப்போ என் சாட்சி எதிராளிக்கு வேலை பார்க்குதுன்னு சொல்லுங்க."

"அந்த வசதியை அணைச்சு வெச்சா உங்களுக்கே வேலை பார்க்கும்."

அணைக்கலாம் என்று புதன்கிழமை திறந்தால், கேமரா தனக்குப் புதிய ஃபர்ம்வேர் வேண்டும் என்றது. கடிகாரத்துக்கு எண்ணெய் விடுவதுபோல இதற்கும் உள்ளே இருக்கும் கட்டளைகளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டுமாம். சரி என்று அமுக்கினேன். முடியும்வரை பேட்டரியைக் கழற்றாதே, அணைக்காதே, தொடாதே என்று வந்தது. இருபத்தாறு நிமிடம் காவல் இருந்தேன். கதவைத் தட்டிய தபால்காரரைக்கூடக் கையைக் காட்டி நிற்க வைத்தேன். முடிந்து விழித்த கேமரா நாங்கள் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் மறந்திருந்தது. வியாழக்கிழமைப் படத்தில் சுவருக்குத் திரும்ப வயிறு வந்துவிட்டது, தரை திரும்ப உறங்கிவிட்டது, தேதியோ எட்டு வருடம் பின்னால் போய்விட்டது. "இந்தத் தேதியில நீங்க இந்த வீட்டுக்கே வரலையே" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான், அதற்காக விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு அமைப்பையும் ஒரு தாளில் எழுதி, தேதியைத் திருத்தி, ஆட்டத்தை மறைக்கும் ஏற்பாட்டை அணைத்து, இரண்டு முறை சரிபார்த்து, வெள்ளிக்கிழமை நான்காவது படத்தை எடுத்தேன்.

மாப்பிள்ளை, அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர் நேராக நிற்கிறது, அலமாரி நேராக நிற்கிறது, எல்லாம் சேர்ந்து ஆடுகிறது. வீட்டுக்காரர் பாதியிலேயே, "போதும், தலை சுத்துது" என்று ஒப்புக்கொண்டார். இயந்திரத்தை மாற்ற அட்டைப்பெட்டிக்காரருக்கு ஒரு மாதத் தவணை கொடுத்திருக்கிறார். ஆகவே என் கையைப் பற்றிய பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளும்படியும், என்னை அங்கே அழைத்துக்கொள்ளும் யோசனையைக் கைவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். உழைக்கிற கை இருக்கும்வரை நான் இந்த மேசையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

மகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "கேமராவை எதுல வெச்சு எடுத்தீங்க?" என்றாள். "கையிலதான்" என்றேன். அவள் அதை வாங்கி, வேலை மேசையில் வைத்து, எதிரே ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரையும் வைத்தாள். கீழே இயந்திரம் இடித்துக்கொண்டே இருந்தது. ஆறு நிமிடம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அசையவில்லை. அட்டைப்பெட்டிக்காரரிடம் உண்மையைச் சொல்ல இதோ கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். மேசையும் என்னோடு வரும். ஐந்தடிக்கு இரண்டரை அடி, ஜன்னலோரம் இடம் ஒதுக்கி வையுங்கள். இனிமேல் சுவர்க்கடிகாரம் மட்டும்தான். அதன் பல்சக்கரங்கள் பெரியவை. கொஞ்சம் நடுங்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.