லாரிக்கு ஒதுங்கிய மாப்பிள்ளை

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். வயலில் சால் நேராக வரும், தாளில் வராது.

பதற்றம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். ஓடிவிடுவேன். 1960களில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். போன இடத்திலெல்லாம் பெண் கூடத்துக்கு வருவதற்குள் கொல்லை வழியாக வெளியேறி, பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். (பெண்களைப் பிடிக்காமல் இல்லை. அவர்கள் என்னைப் பார்ப்பார்களே, அதுதான்.)

ஊத்துக்கோட்டையில் ஓர் இடம் வந்தது. என் தாய்மாமா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

“தோ பார்றா, இந்தத் தபா ஓடினே, இனிமே உனக்குப் பொண்ணு கேட்டு எந்த ஊட்டுப் படியும் ஏற மாட்டேன். அப்பால உன் செவலையோடவே குடும்பம் நடத்து.”

செவலை என் வண்டி மாடு. அவர் அதைச் சொன்னதும்தான் எனக்கு யோசனை வந்தது. எளாவூர் சாலையில் எதிரே லாரி வந்தால் செவலை மிரளும். கால் நடுங்கும், மூச்சு புஸ் புஸ்ஸென்று வரும், ஓடப் பார்க்கும். என் நோயும் அதேதான். அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். வண்டியை ஓரங்கட்டி, மாட்டின் முகத்தை வயல் பக்கம் திருப்பிக் கழுத்தைத் தடவிக் கொடுத்தால் போதும். லாரி போய்விடும், செவலை அடங்கிவிடும். மாட்டுக்குக் கேட்கிற வைத்தியம் எனக்குக் கேட்காதா?

பெண் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். வளையல் சத்தம் கேட்டது. பெண் காபித் தட்டோடு வந்தாள். என் கால் நடுங்கியது. ஓடவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே சுவர்ப் பக்கம் முழுதாகத் திரும்பி, என் கழுத்தை நானே தடவிக்கொண்டேன். நல்ல குணம் தெரிந்தது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. எனக்காகத்தான் அமைதி காக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெண்ணின் அண்ணன் முதலில் வாய் திறந்தார். “இன்னா பெரியவரே, உங்க மாப்பிள்ள மூஞ்சத் திருப்பிக்கினாரு? எங்க பொண்ணு இன்னா அவ்ளோ மோசமா?”

“டேய், திரும்புடா!” என்றார் மாமா.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். “போதும் நைனா. தெருவே வாசல்ல நின்னு பாக்குது. இனிமே எம்பொண்ணக் கேட்டு எவன் வருவான்? கெளம்புங்க.”

விளக்கம் சொல்லாமல் முடியாது. சுவரிடமே சொன்னேன். “தப்பா நெனைக்காதீங்க. லாரி வந்தா எங்க மாட்ட இப்படித்தான் திருப்பி நிறுத்துவேன்.”

வெளி மனிதர்கள் முன்னால் அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

“அப்போ எந்தங்கச்சி லாரியா?” என்று அண்ணன் பாய்ந்து வந்தார். மாமா செருப்பைத் தேடப் போய்விட்டார்.

“அண்ணா, நீ குந்து” என்று ஒரு புதுக் குரல் கேட்டது. “ஏங்க, லாரி போவட்டும்னுதான அப்படிக் குந்தியிருக்கீங்க? லாரி எங்கயும் போவல. காபி ஆறுது, திரும்புங்க.”

திரும்பினேன். தட்டைப் பிடித்திருந்த அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காபி பாதி தட்டில் கிடந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் மச்சான் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், தங்கை அடுப்படியிலிருந்து வரும்போதெல்லாம், “பாம்... பாம்... மாப்ளே, ஓரங்கட்டு!” என்று வாயாலேயே ஹாரன் அடிப்பார். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஓடவில்லை. திரும்பிக்கொள்ளவும் இல்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே பயந்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தேறியிருக்கிறேன்.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் மகள், மெதுவாக, “பாம்” என்றாள்.

1978, ஆடிப்பெருக்கு அன்று எழுதியது.