மூன்றாம் ஓலைக்குத் தடை, என் வலது தோள்

அம்பாசமுத்திரம்,
1909 ஆகஸ்டு, வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் கனம் பொருந்திய மாமா ஞானையா உபதேசியார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகனாகும் பாக்கியத்தின் வாசல்படி வரை வந்து நிற்கும் தேவதாசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இவ்விடம் நான் சுகம், வலது தோள் நீங்கலாக. அவ்விடம் தாங்களும் அத்தையும், நான் கேட்பது தகுமானால் ஹெப்சிபாவும், சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். காரணம் கீழே வருகிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய எங்கள் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று குருவானவர் கேட்டபோது, இரண்டு தடவையும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டுப் பூரித்துப் போனேன். மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒருவன் வாய் திறக்கவேண்டியிருக்கிறது மாமா. அந்தப் பாவி நான்தான்.

"மை தொட்டு மை துடைக்கிற குமாஸ்தாவுக்கு என் மகளைக் கொடுக்கமாட்டேன், ரேஞ்சர் ஆனால் பார்க்கலாம்" என்று தாங்கள் சொன்னதும், "அந்த வேலை என் சட்டைப் பைக்குள் இருக்கிறது" என்று நான் தங்கள் பனைவிளையில் பதநீர் ஊற்றின ஓலைப்பட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு அடித்துப் பேசியதும் நினைவிருக்கும். துப்பாக்கி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றும் சொன்னேன். காட்டிலாகா ஆபீசில் துப்பாக்கி லைசென்சு எழுதி எழுதி வந்த பழக்கத்தைத்தான் அப்படிச் சொன்னேன். தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, தாங்களும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை எங்கள் காட்டிலாகா துரை, யானை இறங்கி வாழைத்தோட்டங்களை மிதிக்கிற பக்கத்துக்கு ரேஞ்சராகிறவன் சுடத் தெரிந்தவனாக இருக்கவேண்டும், சுட்டுக் காட்டு என்று என்னைப் பாபநாசத்துக்கு அப்பால் மலையடிவாரத்துக்கு அழைத்துப்போனார். நானூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை, அதில் தாரினால் ஒரு வட்டம். பலகைக்குப் பக்கத்தில் பள்ளம் வெட்டி அதற்குள் காட்டுக் காவல் வாட்சர் சங்கிலிபூதத்தான், குண்டு பட்டால் வெள்ளைக் கொடியும் படாவிட்டால் சிவப்புக் கொடியும் காட்டுவதற்காக. வேடிக்கை பார்க்க எங்கள் தலைமைக் குமாஸ்தா காந்திமதிநாத பிள்ளை குடை சகிதம் வந்துவிட்டார். துப்பாக்கி சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கினது. அரை மைல் தூரத்திலும் ஆளை வீழ்த்தும் என்றார் துரை. முன்னால் நிற்கிற ஆளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன் மாமா, பின்னால் படுத்திருக்கிறவனையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

குப்புறப் படுக்கச் சொன்னார். துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு இறுக்கி அணை, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையை வெடுக்கென்று இழுக்காதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பைய அமுக்கு என்றார். எல்லாம் தலைக்குள் ஏறிற்று, தோளுக்குத்தான் இறங்கவில்லை. அந்த இரும்பைப் பார்த்த பயத்தில் கட்டைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடம் விட்டேன், பெரிய மனுஷரிடம் தள்ளி நிற்கிற மாதிரி. எந்தக் காரியத்தையும் ஜெபித்துத் தொடங்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஜெபம் என்றால் கண்ணை மூடித்தானே ஆகவேண்டும்? மூடிக்கொண்டு, "கர்த்தாவே, ஹெப்சிபாவை எனக்குத் தாரும், ஆமென்" என்றேன். ஆமெனோடு விரலும் மடங்கிவிட்டது. அவ்வளவுதான் தெரியும். விட்ட இடைவெளியில் ஓடிவந்து வேகம் சேர்த்துக்கொண்டு துப்பாக்கி என்னை இடித்த இடியில் தலைப்பாகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குண்டு பாதி வழியில் மண்ணைக் கிளப்பிற்று. சிவப்புக் கொடி. இரண்டாவது ஆமெனுக்குக் குண்டு பலகையைத் தாண்டி மலைக்குப் போயிற்று. மூன்றாவது ஆமென் பள்ளத்தின் கரையைப் பெயர்த்து சங்கிலிபூதத்தான் தலையில் மண்ணை வாரிப் போட்டது. அவன் இரண்டு கொடியையும் வீசி எறிந்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்து, "ஏ அய்யா, நான் பலகைக்கு முன்னாலயே உக்காந்துக்கிடுதேன், அங்கனதான் குண்டே வரமாட்டேங்குது!" என்று கத்தினான்.

துரைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "நீ சாமி கும்பிடுறது சரி. ஆமென் சொல்லாதே!" என்றார். சொல்லாமல் பார்த்தேன் மாமா. கண்ணைத் திறந்துகொண்டு வெகுநேரம் படுத்திருந்தேன், விரல் மடங்கவே மாட்டேன் என்கிறது. ஆமென் இல்லாத ஜெபம் அந்தரத்தில் தொங்குமே, உபதேசியாரான தாங்களே சொல்லுங்கள், அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிச் சுடுவேன்? துரை துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு என்னமோ செய்து, திரும்பக் கொடுத்தார். "இந்தத் தடவை சொல்லிக்கோ" என்றார். எனக்கு உயிர் வந்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, ஆமென் என்று விசையை இழுத்தேனோ இல்லையோ, "ஐயோ, செத்தேன்!" என்று அலறிக்கொண்டு தோளைப் பிடித்தபடி புழுதியில் உருண்டுவிட்டேன். சுற்றிலும் ஒரே அமைதி. சத்தமே கேட்கவில்லையே, காதும் போயிற்றா என்று கண்ணைத் திறந்தால், துரை தோட்டாவைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். துப்பாக்கி காலி!

காந்திமதிநாத பிள்ளை குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். "என்ன வே, வெடிக்காத துப்பாக்கிக்கே இந்த உருளு உருளுதீரே! வெடிச்சிருந்தா உம்மை ஆழ்வார்குறிச்சியிலல்லா போய்ப் பொறுக்கணும்!" துரை சிரிக்கவில்லை. தோட்டாவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குதிரை ஏறிப் போய்விட்டார்.

ஆகவே மாமா, ரேஞ்சர் வேலை என் சட்டைப் பையில் இல்லை. சட்டையே தோளில் கிழிந்துவிட்டது. வாக்குத் தவறினவனுக்குப் பெண் கொடுக்கவேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை நிறுத்திவிடச் சொல்லுங்கள். தோள் கன்றிக் கறுத்திருப்பது ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொல்கிறார். கோயிலில் ஹெப்சிபா கீர்த்தனை பாடுகிறபோது பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இனி அவள் எனக்கு இல்லை. அதற்கு வைத்தியம் கேட்கவில்லை.

அத்தைக்கு என் தோத்திரம். ஹெப்சிபாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாததால் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லவும். கர்த்தர் தங்கள் வீட்டையும் பனைவிளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

தங்கள் மருமகனாக இருந்திருக்கவேண்டிய,
தேவதாசன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே துரை கூப்பிட்டனுப்பினார். போனேன். "முன்னே இருந்த ரேஞ்சர் ரொம்ப நல்லா சுட்டான். என் மலையிலே மான் எல்லாம் அவன் வீட்டுக் குழம்பிலே போச்சு. நீ சுட்டா ஒண்ணும் சாகாது. நீதான் ரேஞ்சர்" என்றார். யானை வந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். "யானைக்குச் சத்தம் போதும். துப்பாக்கி போடாட்டியும் நீ போடுவே" என்றார். உத்தரவு கையில் இருக்கிறது மாமா! இடது கையால் இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசு வரவில்லை. மேலே உள்ளதை எழுதாததாகப் பாவித்து, ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். ஹெப்சிபாவிடம் மாத்திரம் ஒன்று முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். கல்யாணத்தன்று எங்கள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குருவானவர் ஜெபிப்பார் அல்லவா, அவர் ஆமென் சொன்னதும் என் விரல் வெடுக்கென்று மடங்கும். பயந்து கையை இழுத்துக்கொள்ளவேண்டாம்.